நாலு காலும் தரையில்

அத்தியாயம் பதினொன்று

அன்று மாலை அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்குப் பெரியவளான அக்கா. அவள் வளர்த்து ஆளாக்கிய தம்பி. தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த சின்னவள். சின்னவளின் அம்மா. அந்த அம்மாளின் அண்ணன், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், உறவு வட்டம் முழுக்க டிரைவர் மாமா என்று அறியப்பட்டவர். இவர்களோடு மந்திரி.

மந்திரி என்பது நாய். செம்பழுப்பு நிறம், கன்றுக்குட்டி உயரம். குட்டியாக வந்த நாளிலேயே, எதைச் சொன்னாலும் ஆலோசனை செய்வதுபோலத் தலையைச் சாய்த்ததால் தம்பி வைத்த பெயர் அது. வளர்ந்த பிறகு மந்திரி தலையைச் சாய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. யார் வந்தாலும் முன்னங்கால் இரண்டையும் அவர் தோளில் போட்டு, முகத்தை நக்கித்தான் உள்ளே விடும்.

தம்பி வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளி, வெள்ளைச் சட்டையோடு பூந்தொட்டிக்குள் உட்கார்ந்த காட்சியைப் போன வாரம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைக்கே தம்பி தீர்ப்புச் சொல்லிவிட்டான். சின்னவளின் அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி, இப்போதுதான் கைத்தடி ஊன்றி நடக்கிறார். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அவர் இந்த வீட்டுப் படியேறுவது இதுதான் முதல் தடவை. அவர்மேல் மந்திரி தாவினால் மறுநாளே அது கோழிப்பண்ணைக்குப் போகும். தம்பியின் சிநேகிதன் ஒருவனுக்கு ஊருக்கு வெளியே பண்ணை இருந்தது. அங்கே காவலுக்கு நாய் தேவைப்பட்டது.

அவர் வரும் நாளுக்குள் மந்திரியைப் பழக்கும் பொறுப்பைச் சின்னவள் ஏற்றுக்கொண்டாள்.

அவள் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். விழுந்து எழுந்தவர்களுக்கு மறுபடி நடக்கக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். கோபமே வராது. அவள் வைத்த முறை எளிமையானது. நாய் தாவினால் திட்டக் கூடாது, தள்ளவும் கூடாது. திட்டினால் தன்னோடு பேசுவதாக நினைத்துக்கொள்ளும், தள்ளினால் விளையாடுவதாக நினைத்துக்கொள்ளும். சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்க்க வேண்டும். அதன் நாலு காலும் தரையில் பட்ட பிறகுதான் திரும்ப வேண்டும். திரும்பிக் குனிந்து, நெஞ்சைத் தடவி, ஒரு துண்டு பிஸ்கட் கொடுக்க வேண்டும்.

“வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரி செய்யணும். ஒருத்தர் விட்டாலும் போச்சு, அண்ணி” என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

அக்கா தலையை ஆட்டினாள். ஆட்டிய தலையோடு அன்று மாலையே அதை மீறினாள்.

இதை மூடி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அக்கா அச்சகத்தில் பைண்டிங் பிரிவுக்குப் பொறுப்பாளர். அவள் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும், உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். தாயும் தகப்பனும் போன பிறகு தம்பியைப் படிக்க வைத்து, கரையேற்றி, கல்யாணம் முடித்து வைத்தவள் அவள். அவளுக்கு மரியாதை குறைந்ததே இல்லை. ஆனால் எழுந்து நிற்பவர்கள் யாரும் கட்டிப்பிடிப்பதில்லை. அதைச் செய்ய உலகத்தில் ஒரே ஒரு ஜீவன் இருந்தது. அது மாலையில் பின்கேட்டுக்கு உள்ளே காத்திருக்கும். அவள் கையில் ஒட்டியிருக்கும் பசையின் வாசனை தெருமுனையிலேயே அதற்கு எட்டிவிடும். கேட்டைத் திறந்ததும் இரண்டு காலையும் அவள் தோளில் போடும். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாமல், அவளும் அதைக் கட்டிக்கொள்வாள்.

பாடம் தொடங்கிய முதல் நாள் மாலை, மந்திரி தாவவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. தாவலாமா வேண்டாமா என்று யோசித்தது.

அந்தத் தயக்கம் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அது தன் நாயின் குணம் இல்லை. அது சின்னவள் கொண்டுவந்து நுழைத்தது. இந்த வீட்டுக்கு வந்து அலமாரியை இடம் மாற்றினாள், திரைச்சீலையை மாற்றினாள், தம்பி தலைவாரும் பக்கத்தைக்கூட மாற்றினாள். இப்போது இதுவுமா?

அக்கா தன் தோளை மெல்லத் தட்டிக் காட்டினாள். மந்திரி தாவியது. மறுநாளும் தட்டினாள். தயக்கம் அடியோடு போகும்வரை தட்டினாள். பிறகு தட்டவே வேண்டியிருக்கவில்லை.

நாயை இழந்துவிடுவோம் என்ற எண்ணம் அவளுக்கு வரவில்லை. தம்பி வாயால் சொல்வான், செய்ய மாட்டான் என்று நம்பினாள். அவள் வேண்டியதெல்லாம் ஒன்றுதான். கை வைத்த இடமெல்லாம் ஜெயிக்கிறாளே, இந்தப் பெண் ஒரு தடவையாவது தோற்க வேண்டும்.

*

அன்று காலை கூடத்தில் ஒத்திகை நடந்தது. தம்பி போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு, குடையை ஊன்றி, மாமியாரைப் போல நொண்டி நொண்டி வாசலிலிருந்து வந்தான். மந்திரி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் மட்டும் வாலோடு சேர்ந்து ஆடியது. சின்னவள் சிரித்துச் சிரித்துச் சுவரோடு சரிந்தாள்.

“இப்படியா எங்கம்மா நடப்பாங்க? இது திருடன் நடக்குற மாதிரி இருக்கு” என்றாள்.

தம்பியும் சிரித்தான். சமையலறை வாசலில் நின்றிருந்த அக்காவுக்கு, அவன் அப்படிச் சிரித்துத் தான் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

“அக்கா, பாத்தியா உன் மந்திரிய? சொன்ன பேச்சக் கேக்குது.”

“நாய் நாயா இருந்தா போதும். குடைய எடுத்த இடத்துல வெச்சுட்டு வேலைக்குக் கிளம்பு.”

அவன் போனதும் சின்னவள் அவளிடம் வந்தாள். முகத்தில் ஒரு குழப்பம். காலையில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, சாயங்காலம் ஆனால் கற்றதெல்லாம் மந்திரிக்கு மறந்துபோகிறது, காரணம்தான் பிடிபடவில்லை என்றாள். பொழுது சாய்ந்தால் அதற்கு ஆட்டம் கூடிவிடும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் என்றாள் அக்கா. முகத்தில் ஒரு மாற்றமும் காட்டவில்லை. சின்னவள் அதை அப்படியே நம்பினாள்.

“இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க, அண்ணி. நீங்கதான் வாசல்ல நின்னு அம்மாவ உள்ள கூப்பிடணும். நீங்க இருக்கும்போது நான் கூப்பிட்டா நல்லா இருக்காது.”

முறை தெரிந்த பேச்சு. அதில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் அக்காவுக்கு எரிச்சலாக இருந்தது.

*

அச்சகத்தில் அன்று ஒரு வரலாற்றுப் புத்தகத்தின் மடித்த தாள்கள் அடுக்குக்கு வந்திருந்தன. பக்க வரிசைப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தையலுக்கு அனுப்ப வேண்டும். கண்ணை மூடிக்கொண்டே அக்கா செய்யக்கூடிய வேலை. அன்று கண்ணைத் திறந்துகொண்டே கோட்டை விட்டாள். கை தாளில் இருந்தது. கண்ணில் காலைச் சிரிப்பு இருந்தது.

தையல் மேசைக்காரிதான் பார்த்துச் சொன்னாள்: “அக்கா, ராஜா பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துட்டாருங்க.”

பிரிவே சிரித்தது. அக்கா ஒரு பார்வை பார்த்தாள், சிரிப்பு அடங்கியது. ஆனால் அடுக்கு அடங்கவில்லை. முடித்து வைத்ததையெல்லாம் பிரித்து மறுபடி அடுக்க வேண்டியிருந்தது. தவறு தன்னுடையது என்பதால் வேறு ஒருவர் கையிலும் கொடுக்காமல் தானே அடுக்கினாள். கிளம்பும்போது வெயில் இறங்கிவிட்டிருந்தது.

வீட்டு முன்னால் டிரைவர் மாமாவின் பழைய கார் நின்றது. விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். வாசலில் நின்று வரவேற்க வேண்டியவள் வராத குறை ஏற்கெனவே ஏற்பட்டுவிட்டது. இந்த நிலையில் பின்கேட்டு வழியாகத் திருடியைப் போல நுழைவதா? அக்கா முன்வாசலுக்குப் போனாள்.

செருப்பை விடும்போது உள்ளே பேச்சுக் கேட்டது. மந்திரியைப் பற்றித்தான். தங்கச்சி உள்ளே வரும்போது அது அசையாமல் உட்கார்ந்திருந்ததை மாமா விவரித்துக்கொண்டிருந்தார்.

“சிவப்பு விளக்கப் பாத்த எஞ்சின் மாதிரி நின்னுச்சே. நான் முப்பது வருஷம் ஓட்டியும் என் வண்டி அப்படி நின்னதில்ல.”

“எங்க பொண்ணு கை பட்டா எல்லாம் ஒழுங்காயிடும்” என்றார் சம்பந்தியம்மா. பெருமையை மறைக்க அவர் முயலவில்லை. ஒரு தாய் மறைக்க வேண்டியதும் இல்லை.

கை பட்டதால் ஒழுங்கானது யாருடைய நாய்? அக்கா அந்த வார்த்தையை மென்றுகொண்டே நிலையைத் தாண்டினாள்.

அவளைக் கண்டதும் சம்பந்தியம்மா மரியாதைக்கு எழுந்தார். கைத்தடியை ஊன்றி, இரண்டடி முன்னால் வந்தார். அப்போது பசை வாசனை கூடத்துக்குள் வந்துவிட்டது.

மந்திரி எழுந்தது. சின்னவள் கையைக் காட்டினாள், அது பார்க்கவில்லை. சோபாவுக்கும் முக்காலிக்கும் நடுவே புகுந்து பாய்ந்த பாய்ச்சலில் கைத்தடி தெறித்து அலமாரிக்கு அடியில் போனது. சம்பந்தியம்மா சாய்ந்தார். தம்பி எட்டிப் பிடித்ததால் தரையில் விழாமல் சோபாவில் விழுந்தார். தேநீர்க் கோப்பைகள் கவிழ்ந்தன. மந்திரி இரண்டு காலையும் அக்காவின் தோளில் போட்டு நின்றது.

அதுகூடப் பெரிதில்லை. நாய் பாய்ந்து வந்து சேர்வதற்கு முன்பே அக்காவின் கைகள் விரிந்திருந்தன. தினமும் விரிந்து பழகிய கைகள்.

மற்றவர்கள் விழுந்தவரைப் பார்த்தார்கள். சின்னவள் மட்டும் அந்தக் கைகளைப் பார்த்தாள். சாயங்காலம் ஏன் எல்லாம் மறந்துபோகிறது என்ற கேள்விக்கு அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. அவளுக்குக் கிடைத்தது அக்காவுக்கும் தெரிந்தது.

சின்னவள் நேராக அம்மாவிடம் போனாள். மண்டியிட்டு அம்மாவின் இடுப்பை விரலால் அழுத்திப் பார்த்தாள், காலை மடக்கி நீட்டச் சொன்னாள். வலி புதிதாக எதுவும் இல்லை. அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

“அண்ணி, அதைத் தள்ளாதீங்க. திரும்பிக்கோங்க.”

சம்பந்தி வீட்டார் முன்னால், தன் கூடத்தில், சுவரைப் பார்த்து நிற்பதா? அக்கா ஒரு கணம் நின்றாள். பிறகு திரும்பினாள். கைகளைக் கட்டிக்கொண்டாள்.

எதிரே மின்சார சுவிட்ச் பலகை. அதில் ஒரு திருகு கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளாக அதை யாரும் கவனிக்கவில்லை. அக்கா அந்தத் திருகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மந்திரி அவள் முதுகில் ஏறியது. நகம் துணியோடு இழுத்தது. கீழே இறங்கி மறுபடி ஏறியது. கட்டிய முழங்கையை மூக்கால் நெம்பிப் பார்த்தது. இப்படி ஒரு நாளும் நடந்ததில்லையே என்பதுபோல மெல்ல முனகியது. அந்த முனகல்தான் தாங்க முடியாததாக இருந்தது. திரும்பிக் கட்டிக்கொண்டால் ஒரு நொடியில் அது நின்றுவிடும். அக்கா திரும்பவில்லை. அவள் முதுகு அசையவில்லை. கண் மட்டும் கலங்கியது. அது சுவருக்கு மட்டுமே தெரிந்தது.

முனகல் நின்றது. தரையில் நகம் தட்டும் ஓசை. அப்புறம் அமைதி.

“இப்ப திரும்பலாம், அண்ணி.”

திரும்பினாள். மந்திரி உட்கார்ந்திருந்தது. ஆனால் அதன் பார்வை அக்காவைத் தாண்டி, பிஸ்கட் இருக்கும் சின்னவளின் கைமேல் போயிருந்தது.

அக்கா அதைப் பார்த்தாள். சின்னவளும் பார்த்தாள். உடனே சின்னவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். மந்திரி தலையைச் சாய்த்து யோசித்தது. பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்தது.

அக்கா குனிந்து அதன் நெஞ்சைத் தடவினாள். மனசு நிறையவில்லை. சின்னவள் விட்டுக்கொடுத்ததால் கிடைத்தது அது. ஜெயித்தவள் விட்டுக்கொடுப்பதைத் தோற்றவள் வாங்கிக்கொள்வது எவ்வளவு கசப்பு என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

*

தம்பி சிந்திய தேநீரைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே, நிமிராமல், நாளைக் காலையில் கோழிப்பண்ணைக்கு ஆள் வரச் சொல்லிவிடுவதாகச் சொன்னான். இந்தத் தடவை அவன் குரலில் விளையாட்டு இல்லை.

டிரைவர் மாமா குறுக்கே வந்தார். “வண்டி சிக்னலத் தாண்டினா டிரைவரத்தான் விசாரிப்பாங்க மாப்பிள்ளை. எஞ்சினப் பிடிச்சு உள்ள போட மாட்டாங்க.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எல்லோர் கண்ணும் சின்னவள்மேல் போனது. பழக்கியவள் அவள்தானே.

“என் தப்புதான் மாமா. சரியாப் பழக்கல” என்றாள் சின்னவள்.

அக்கா வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. புதிதாகத் தேநீர் போட எழுந்து போய்விட்டாள். அடுப்படியில் நின்று, தலை நிமிர்ந்து வாழ்ந்த இந்த வீட்டில், இன்னொருத்தி முதுகில் தன் தப்பை ஏற்றிவிட்டு நிற்பது இதுதான் முதல் தடவை என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, கூடத்துக்குத் திரும்பிப் போய்ச் சொல்லக் கால் எழவில்லை.

தேநீரோடு வந்தபோது, கோழிப்பண்ணை வேண்டாம் என்று சம்பந்தியம்மா மருமகனைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை, பாவம் வாயில்லாத ஜீவன் என்றார். பிறகு இயல்பாக, எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்:

“எப்படியும் அந்தப் புது வீட்டுல மாடிதானே, நாய்க்கு இடம் இருக்காது. இது இங்க அக்கா கூடவே இருந்துட்டுப் போகட்டும்.”

புது வீடு.

அக்கா தட்டை முக்காலியில் வைத்தாள். ஒரு கோப்பைகூடக் குலுங்கவில்லை. தம்பி துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

“அம்மா, ஆறிடப் போகுது, குடிங்க” என்றாள் சின்னவள், சற்று அவசரமாக.

எந்தப் புது வீடு என்று அக்கா கேட்கவில்லை. தன் வீட்டு விஷயத்தைச் சம்பந்தி வீட்டார் வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை தனக்கு வந்ததை, கேள்வி கேட்டு அவர்களுக்கே காட்டிக்கொடுக்க அவள் தயாராக இல்லை. சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டாள்.

*

விருந்தாளிகள் கிளம்பினார்கள். அலமாரிக்கு அடியில் போன கைத்தடியைத் தம்பி துடைத்துக் கொடுத்தான். மாமாவின் கார் இரண்டு தடவை இருமி, மூன்றாவதில் கிளம்பியது. தம்பியும் சின்னவளும் தெருவில் நின்று கையசைத்தார்கள். அக்கா மந்திரியின் வாரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு உள்ளே நின்றாள். தம்பி இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதைத் தவிர்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

பக்கத்து மருந்துக்கடைக்காரம்மா கல்லாவை விட்டு இறங்கி வந்தார். தெருவில் எது நடந்தாலும் முதலில் கடைக்குத்தான் வரும். அங்கிருந்து மருந்தோடு சேர்ந்து எல்லா வீட்டுக்கும் போகும்.

“என்னக்கா, அந்த அம்மாவ நாய் கடிச்சுட்டாமே?” என்று கேட்டார். குரலைத் தாழ்த்துவதுபோலப் பாவனை செய்து, தாழ்த்தாமல் தொடர்ந்தார். சின்னவள்தான் பழக்குகிறேன் பேர்வழி என்று நாயை வெறியேற்றி வைத்திருப்பதாகத் தெருவில் பேச்சு. அது அக்காவிடம் ஒட்டிக்கொண்டிருப்பது பொறுக்காமல், கடிக்க விட்டு அதை வெளியே அனுப்பப் பார்க்கிறாளாம். பொறாமை படுத்தும் பாடு என்று சொல்லிச் சப்புக்கொட்டினார்.

தெருவில் சின்னவள் அப்படியே நின்றாள். காதில் விழுந்துவிட்டது. தம்பிக்கும்தான்.

அக்கா ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெருமூச்சு விட்டால் போதும். அது நாளைக் காலைக்குள் தெரு முழுக்க உண்மையாகிவிடும். சின்னவள் வாய் திறக்க மாட்டாள். மாலையிலேயே திறக்காதவள். அந்தப் புது வீடு இன்னும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. தனக்குத் தெரியாமல் வீடு பார்த்தவர்களுக்கு இந்த அவப்பெயர் வந்தால்தான் என்ன?

மந்திரி மருந்துக்கடைக்காரம்மாவைப் பார்த்து முன்னங்காலைத் தூக்கியது. அக்கா முதுகைத் திருப்பினாள். அது காலைக் கீழே வைத்தது. அவள் மறுபடி திரும்பினாள்.

“கடிக்கல” என்றாள். “என் மேல தாவினது, அவங்க குறுக்க இருந்தாங்க. சின்னவ அதைத் தாவாம இருக்கத்தான் பழக்கினா. தினமும் சாயங்காலம் பின்கேட்டுல நின்னு தாவ வெச்சுக் கெடுத்தது நான்.”